பல்லுப் புடுங்கப் போற இடத்தில கிருமித் தொற்று: எதைப் பாத்து நம்புறது?

பனங்கிழங்கு

வணக்கம், களத்தில இருக்கிற எல்லாருக்கும். அம்மாவுக்கு 64 வயது, சீனி வருத்தம் இருக்கு. கீழ்க் கடைவாய்ப் பல்லொண்டு புடுங்கோணும், பக்கத்துப் பல்லில சூத்தையைத் துப்புரவாக்கி அடைக்கோணும். யாழ்ப்பாணத்தில வீட்டுக்குக் கிட்ட ரெண்டு தனியார் கிளினிக். ஒண்டு புதுசு: ஏசி, கண்ணாடிக் கதவு, மூலையில நீல வெளிச்சம் எரியிற பெட்டிக்குள்ள குறடு, கண்ணாடி எல்லாம் அடுக்கி வைச்சிருக்கினம். மற்றது பழசு, சுவரில பூச்சு உரிஞ்சுபோய்க் கிடக்கு, ஆனால் சாமானை ஒட்டின உறைக்குள்ள இருந்துதான் எடுக்கினம்.

எதை நம்புறது? நீலப் பெட்டி காணுமோ? ரெண்டு இடத்திலயும் கிணத்துத் தண்ணியைத் தாங்கிக்கு ஏத்தித்தான் பாவிக்கினம், வாய்க்குள்ள விசிறுற தண்ணியும் அதுதானோ? பின்னேரம் கரண்ட் போனால் என்ன செய்வினம்? அம்மா கேக்கிறா எயிட்ஸ் தொத்துமோ எண்டு, அதுக்கும் ஆராவது சரியான பதில் சொன்னால் நல்லம். இதையெல்லாம் டொக்டரிட்டக் கேட்டால் கோவிப்பாரோ எண்டும் யோசினை. ‘சுத்தமான இடமாப் பாத்துப் போங்கோ’ எண்ட பதில் வேண்டாம். கதிரையில இருக்கிற ஆள் கண்ணால எதைப் பாக்கலாம், வாயால எதைக் கேக்கலாம் எண்டு சொல்லுங்கோ.

முரசு

நீலப் பெட்டியில தொடங்குவம். உது யூவி (புற ஊதாக் கதிர்) பெட்டி. ஏற்கெனவே கிருமி நீக்கின சாமானைத் தூசு படாமல் வைக்கிற அலுமாரி, அவ்வளவுதான். வெளிச்சம் நேர படுற இடத்தில கிருமி குறையும். குறட்டின்ர மூட்டுக்குள்ளயும் சாமானுக்கு அடியிலயும் வெளிச்சம் போகாது. காஞ்ச ரத்தம் ஒரு பொட்டு ஒட்டியிருந்தால் அதுக்குக் கீழயும் போகாது. பெட்டியில ‘ஸ்ரெறிலைசர்’ எண்டு எழுதியிருந்தாலும் கதை மாறாது. நீங்கள் கேக்க வேண்டியது, ‘பெட்டிக்குள்ள வைக்க முதல் ஓட்டோகிளேவில போட்டதோ?’ எண்டதை. ஓட்டோகிளேவ் எண்டது அழுத்த நீராவியால கிருமியைக் கொல்லுற மெசின்.

பழைய கிளினிக்கின்ர உறையைப் பற்றி. ஒரு பக்கம் கடதாசி, மற்றப் பக்கம் பிளாஸ்ரிக். ஓரத்தில சின்னதாய் ஒரு நிற அடையாளம் அச்சடிச்சிருக்கும், நீராவி பட்டால் நிறம் மாறும். எந்த நிறத்துக்கு மாறோணும் எண்டது உறையிலயே எழுதியிருக்கும். நிறம் மாறியிருக்கோ, உங்களுக்கு முன்னால கிழிக்கினமோ, ஓட்டை விழுந்திருக்கோ எண்டு பாருங்கோ. முக்கியமாய் ஈரம். கடதாசிப் பக்கத்தில தண்ணி வட்டம் தெரிஞ்சால் அந்த உறை பாவிக்கக் கூடாதது: ஈரக் கடதாசி வெளிக் கிருமியைத் திரி மாதிரி உள்ளுக்கு உறிஞ்சும். இன்னொண்டு, நிறம் மாறினது வெப்பம் பட்டதுக்குச் சாட்சி. கிருமி செத்ததுக்குச் சாட்சி இல்லை, அது வேற சோதினை.

ஆனால் உறையையும் விட உங்கட கண் போக வேண்டிய இடம் ஹாண்ட்பீஸ். சூத்தை குடையேக்க கீச்செண்டு சத்தம் போடுற சாமான். அதுக்குள்ள காத்தால சுத்துற ஒரு சின்னச் சில்லு இருக்கு, நிமிசத்துக்கு 3 இலட்சம் சுற்று வரும். டொக்டர் பெடலில இருந்து காலை எடுத்தால் காத்து நிக்கும், சில்லு உடன நிக்காது. அந்தக் கண்ணிமைக்கிற நேரத்தில வெளியில கிடக்கிற எச்சில், ரத்தம், பல்லுத் தூள் எல்லாத்தையும் உள்ளுக்கு இழுக்கும். அடுத்த ஆளின்ர வாய்க்குள்ள பெடலை மிதிக்க, அது தண்ணியோட வெளிய வரும். இழுக்கிறதைத் தடுக்கிற வால்வு இப்ப வாற கதிரைகளில இருக்கு, ஆனால் அது தேயிற சாமான். ஸ்பிரிற் பஞ்சால வெளியைத் துடைக்கிறது ஹாண்ட்பீஸின்ர தோலைத்தான் துப்புரவாக்கும், குடலை இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் கழட்டி, எண்ணெய் விட்டு, உறையில போட்டு ஓட்டோகிளேவில வைக்கோணும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003இல வெளியிட்ட பல் சிகிச்சை வழிகாட்டலிலயே இது இருக்கு.

அப்ப நீங்கள் பாக்க வேண்டியது, கதிரையில போய் இருக்கேக்க ஹாண்ட்பீஸ் ஏற்கெனவே குழாயில பூட்டித் தொங்குதோ, இல்லை உறையைக் கிழிச்சு எடுத்துப் பூட்டினமோ எண்டது. பிறகு ஒரு கணக்குப் போடுங்கோ. பின்னேரம் 4 மணியில இருந்து 8 மணி வரை 20 பேர் எண்டால் ஆளுக்கு 12 நிமிசம். பாவிச்ச ஹாண்ட்பீஸைக் கழுவி, எண்ணெய் விட்டு, உறை ஒட்டி, உலர்த்தலோட 45 நிமிசம் ஓட விட்டு, ஆற வைக்க ஒண்டேகால் மணித்தியாலம் போகும். ஓட்டோகிளேவ் ஓடத் தொடங்கின பிறகு வாற சாமான் அடுத்த முறைக்குக் காத்திருக்கோணும், அப்ப ரெண்டு மணித்தியாலமும் ஆகும். பாதிப் பேர் புடுங்க மட்டும் வாறவை எண்டு விட்டாலும் 6 ஹாண்ட்பீஸ் இல்லாமல் சரிவராது. ரெண்டுதான் இருக்கு, வெளியில வாங்கு நிறைய ஆக்கள் எண்டால் விடை உங்களுக்கே விளங்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில வெளிநாட்டில இருந்து வாறவையும் பல்லுக் கட்ட வந்து நிப்பினம், அந்த மாசம் இந்தக் கணக்கு இன்னும் இறுகும்.

கேக்கிற விதம்: ‘அம்மாவுக்குச் சீனி வருத்தம் டொக்டர், தொற்று எண்டால் பயமாயிருக்கு. எத்தினை ஹாண்ட்பீஸ் வைச்சிருக்கிறியள், ஆளுக்கு ஆள் மாத்துவியளோ?’ ஒழுங்காச் செய்யிறவர் இதுக்குக் கோவிக்கமாட்டார், அவர் செலவழிச்ச காசைப் பற்றிக் கேட்ட மாதிரி சந்தோசப்படுவார். கோவிச்சால் அதுவும் ஒரு பதில்தான்.

விறைக்க அடிக்கிற ஊசியைப் பற்றியும் சொல்லோணும். கூடுதலாப் பாவிக்கிறது கண்ணாடிக் குப்பி மாதிரியான கார்ற்றிஜ், 1.8 அல்லது 2.2 மில்லிலீற்றர். ஊசி பிளாஸ்ரிக் கூட்டுக்குள்ள முத்திரையோட வரும், முறிக்கேக்க ‘டிக்’ எண்டு கேக்கும். அம்மாவுக்கு அடிச்சு மிஞ்சின மருந்தை வேற ஊசி பூட்டி அடுத்த ஆளுக்கு அடிக்கக் கூடாது. அடிச்சு விட்டதும் அழுத்தம் திரும்பி ரத்தம் நுணுக்கமாய்க் குப்பிக்குள்ள போகும், கண்ணுக்குத் தெரியாது. சில இடங்களில கார்ற்றிஜ் இல்லாமல் 30 மில்லிலீற்றர்ப் பெரிய போத்தலில இருந்து சிரிஞ்சியால இழுப்பினம். அதில பிழை இல்லை, ஒவ்வொரு முறையும் புது ஊசி, புது சிரிஞ்சி எண்டால். அரைவாசி விறைச்சு, இன்னும் கொஞ்சம் வேணுமெண்டு அதே ஊசியைத் திரும்பப் போத்தலுக்குள்ள குத்தினால், பிறகு அந்தப் போத்தல் முழுக்கச் சந்தேகம். இதைக் கதிரையில இருந்தே வடிவாய்ப் பாக்கலாம்.

நீராவி

முரசு சொன்னதுக்குப் பின்னால இருக்கிற மெசினைப் பற்றி எழுதுறன்.

ஓட்டோகிளேவில ரெண்டு ஓட்டம் வழக்கம்: 121 பாகை செல்சியசில 15 தொடக்கம் 20 நிமிசம் (சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தம்), அல்லது 134 பாகையில 3 நிமிசம் (30 இறாத்தல்). உந்த நிமிசம் எல்லாம் வெப்பம் ஏறின பிறகு நிக்க வேண்டிய நேரம். சூடேறுறது, உலருறது எல்லாம் சேக்க அரை மணித்தியாலத்துக்கு மேல வரும். ‘3 நிமிசத்தில எடுத்திடுவம்’ எண்டு ஆரும் சொன்னால் ஈரச் சாமான்தான் எடுக்கினம்.

வகுப்பும் முக்கியம். கிளாஸ் என் எண்டது காத்தைத் தானாகத் தள்ளி விடுற சாதாரண மெசின். உறை போடாத, துவாரம் இல்லாத சாமானுக்கு மட்டும். உறையில போட்ட சாமானுக்கும் ஹாண்ட்பீஸ் மாதிரிக் குழல் சாமானுக்கும் கிளாஸ் பி வேணும். அது முதலில பம்பியால காத்தை உறிஞ்சி, நீராவி விட்டு, திரும்ப உறிஞ்சி, மூண்டு முறை அப்பிடிச் செய்யும். குழலுக்குள்ள காத்து நிண்டால் அந்த இடத்துக்கு நீராவி போகாது. மீற்றர் 134 காட்டும், உள்ளுக்கு அவ்வளவு இராது.

இனி எங்கட ஊர்ப் பிரச்சினை: தண்ணி. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணத்துத் தண்ணி எல்லாம் கடினத் தண்ணி. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறதைப் பாத்திருப்பியள். அதே படிவு ஓட்டோகிளேவின்ர சூடாக்கியில, வால்வில, வெப்பம் அளக்கிற முனையில படியும். வால்வு ஒழுகத் தொடங்கினால் அழுத்தம் நிக்காது, ஓட்டம் பாதியில பிழை காட்டி நிக்கும், பிறகு ஆரோ ஒரு ஆள் பொறுமை கெட்டு ‘காணும்’ எண்டு கதவைத் திறப்பார். மெசினுக்கு விடுற தண்ணியின்ர மின்கடத்துதிறன் (கரைஞ்ச உப்புக் கூடினால் இதுவும் கூடும்) சென்ரிமீற்றருக்கு 15 மைக்ரோசீமனுக்குக் கீழ இருக்கோணும். எங்கட கிணறுகளில ஆயிரத்தைத் தாண்டுறது புதினம் இல்லை. கொதிக்க வைச்சு ஆற விட்டாலும் கடினத்தில ஒரு பங்குதான் போகும். கடையில விக்கிற ஆர்ஓ (மென்சவ்வால வடிகட்டின) குடிதண்ணி கிணத்துத் தண்ணியை விட எவ்வளவோ திறம், ஆனால் இந்த அளவுக்கு இறங்கிறது அருமை. வடிச்ச தண்ணிதான் சரி. தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற, கையில பிடிக்கிற சின்ன ரீடிஎஸ் மீற்றர் மலிவு. அதில 10க்குக் கீழ காட்டோணும். வெளியால ஆள் பாக்கக் கூடிய அடையாளம்: உறைக்குள்ள இருக்கிற குறட்டில வெள்ளைப் புள்ளி, சுண்ணாம்புப் பூச்சு, மூட்டில செங்கட்டிக் கறை. அது தண்ணி பிழை எண்டதுக்கு அத்தாட்சி. துரு இருக்கிற சாமானைக் கழுவினாலும் முழுசாத் துப்புரவாகாது.

கரண்ட் கேள்விக்கு: ஓட்டம் நடக்கேக்க கரண்ட் போனால், வந்த பிறகு விட்ட இடத்தில இருந்து தொடர ஏலாது. முதலில இருந்து முழு ஓட்டமும் ஓடோணும். கடைசியில உலர்த்தேக்க போயிருந்தால் சாமான் வெந்திருக்கும், ஆனால் உறை ஈரம். உறையை மாத்தித் திரும்பப் போடோணும், அப்பிடியே லாச்சிக்குள்ள வைக்கக் கூடாது. 18 லீற்றர் கிளாஸ் பி மெசின் 2 கிலோவாற்று அளவில இழுக்கும், வீட்டு லைற்றுக்கும் ஃபானுக்கும் போட்ட இன்வேற்றர் தாங்காது. ஜெனரேற்றர் வேணும். கிளினிக்கில லைற் எரியுது எண்டதுக்காக ஓட்டோகிளேவும் ஓடுது எண்டு நினையாதேங்கோ. கரண்ட் விட்டு விட்டு வந்த நாளெண்டால், அவசரமில்லாத வேலையை அடுத்த நாள் காலமைக்கு மாத்துங்கோ.

முரசு சொன்ன ‘வேற சோதினை’: வித்திச் சோதினை. வெப்பத்துக்கு லேசில சாகாத ஒரு பற்றீரியாவின்ர வித்திகள் (தடிச்ச கோதுக்குள்ள உறங்குற நிலை) உள்ள சின்னக் குழாயை மற்றச் சாமானோட சேத்து ஓட விட்டு, பிறகு 55 தொடக்கம் 60 பாகையில வைச்சுப் பாப்பினம், முளைக்குதோ எண்டு. பக்கத்தில ஓட்டோகிளேவில போடாத குழாயொண்டும் வைக்கோணும், அது முளைக்கோணும். ரெண்டும் முளைக்காட்டில் சோதினையே பிழை. கிழமைக்கு ஒருக்கால் செய்யிறது முறை. ‘போன கிழமைச் சோதினைப் பதிவைப் பாக்கலாமோ’ எண்டு கேட்டால் ஒரு கொப்பியை எடுத்துக் காட்டுற இடம் எண்டால், சுவர்ப் பூச்சு உரிஞ்சிருந்தாலும் நான் அங்கதான் போவன்.

ஒடியல்கூழ்

உவ்வளவு மெசின் எல்லாம் வர முதல் கொதிக்கிற தண்ணியில அரை மணித்தியாலம் போட்டுத்தானே எல்லாருக்கும் பல்லுப் புடுங்கினவை? பிறஷர் குக்கரும் 15 இறாத்தல்தானே, அதில போட்டால் என்ன?

நீராவி

நியாயமான கேள்விதான் அண்ணை. கொதிதண்ணி 20 நிமிசத்தில எச்.ஐ.வி, ஈரல் அழற்சி பி வைரசுகளைக் கொல்லும். அதை ஒண்டுமில்லை எண்டு சொல்லேல்லை. ஏற்புவலி (ரெற்றனஸ்) கிருமி மாதிரி வித்தி உண்டாக்கிறதுகளைக் கொல்லாது. அதோட கொதிதண்ணியில இருந்து எடுத்த சாமான் ஈரமாய், உறை இல்லாமல், காத்துப் பட்டுக்கொண்டு கிடக்கும், எடுத்த நிமிசத்தில இருந்து அது திறந்த சாமான்தான். நடுவில ஒரு கரண்டியை உள்ள போட்டால் நேரத்தைத் திரும்பத் தொடங்கோணும், அதை ஆரும் செய்யிறேல்லை.

குக்கர் தத்துவப்படி ஓட்டோகிளேவின்ர தங்கச்சி. காத்து முழுக்க வெளியேறினால் 121 பாகை வரும். வந்ததோ எண்டு காட்ட அதில மீற்றர் இல்லை, எத்தினை நிமிசம் நிண்டது எண்ட பதிவு இல்லை, உலர்த்தல் இல்லை. அதோட ரெண்டு முறைக்கும் பொதுவான ஒண்டு: முதலில கழுவாமல் போட்டால் ரத்தம் அவிஞ்சு சாமானில பிடிக்கும், அதுக்குக் கீழ கிருமி பத்திரமாய் இருக்கும். கழுவாத சாமானுக்கு எந்த மெசினும் உதவாது.

கையுறை

கதிரைக்குப் பக்கத்தில நிக்கிற ஆக்களின்ர வேலையைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை.

கையுறை போட்டிருக்கினமோ எண்டதைப் பாக்காதேங்கோ, எல்லாரும் போட்டிருப்பினம். போட்ட கை எங்கயெல்லாம் போகுது எண்டு பாருங்கோ. வாய்க்குள்ள விட்ட விரல் லைற்றின்ர பிடியைத் திருப்பும், லாச்சியை இழுக்கும், போனைத் தட்டும், பேனையைப் பிடிக்கும், பிறகு திரும்ப வாய்க்குள்ள வரும். அதில லைற் பிடிக்கு மட்டும் வழி இருக்கு: ஒவ்வொரு ஆளுக்கும் மாத்துற மெல்லிய பிளாஸ்ரிக் தாள் சுத்தி வைப்பினம், அல்லது ஆளுக்கு ஆள் துடைப்பினம். போனுக்கும் லாச்சிக்கும் வழி இல்லை, கையுறையைக் கழட்டித்தான் தொடோணும். கழுவிய கையுறை எண்டு ஒண்டு இல்லை. சவுக்காரம் பட்டால் அதில நுண்ணிய ஓட்டை விழும்.

எச்சில் உறிஞ்சுற வளைஞ்ச குழாயை வாய்க்குள்ள கொழுவி விட்டால், சொண்டை மூடி அதைச் சூப்பாதேங்கோ. வாயை மூடினால் உள்ளுக்கு அழுத்தம் குறைஞ்சு, குழாயுக்குள்ள முந்தின ஆளிட்ட இருந்து நிண்ட எச்சில் உங்கட வாய்க்குத் திரும்பி வரலாம். முனை புதுசுதான், பின்னால இருக்கிற றப்பர்க் குழாய் எல்லாருக்கும் ஒண்டுதானே. சின்னப் பிள்ளையளுக்கும் இதைச் சொல்லிக் குடுத்துவிடுங்கோ, அதுகள் ஸ்ரோ எண்டு நினைச்சு உறிஞ்சுங்கள்.

கதிரை, தட்டு துடைக்கிறதில நடக்கிற பிழை அவசரம். 5 வீத குளோரின் திரவம் 20 மில்லிலீற்றர் எடுத்துத் தண்ணி விட்டு 1 லீற்றர் ஆக்கினால் 0.1 வீதம், மேற்பரப்புக்குக் காணும். ரத்தம் சிந்தின இடத்துக்கு 200 மில்லிலீற்றரை 1 லீற்றர் ஆக்கி (1 வீதம்), துணி போட்டு 10 நிமிசம் ஊற விடோணும். தெளிச்ச கையோட துடைச்சால் தண்ணியால துடைச்சதுக்குச் சமன். அதோட அண்டண்டைக்குக் கலக்கோணும், எங்கட வெக்கைக்கு நேற்றுக் கலக்கினதின்ர பலம் குறைஞ்சிருக்கும். உலோகச் சாமானை இதுக்குள்ள போட்டால் துருப்பிடிக்கும்.

வாய் கொப்பளிக்கத் தாற கிளாஸ் கடதாசிக் கப்போ எண்டும் பாருங்கோ. எவர்சில்வர் கப் வைச்சிருந்தால் வீட்டில இருந்து போத்தல் கொண்டு போறது சுகம்.

ஆய்வுகூடம்

பனங்கிழங்கின் அம்மா கேட்ட கேள்விக்கு முதலில் பதில்.

நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி ஆழமாகக் குத்தினால் எச்.ஐ.வி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 வீதம். ஈரல் அழற்சி சி வைரசுக்கு 2 வீதத்துக்குள். ஈரல் அழற்சி பி வைரசுக்கு, தடுப்பூசி போடாதவரில் 6 முதல் 30 வீதம் வரை. பி வைரசு காய்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கும், எச்.ஐ.வி உடலுக்கு வெளியே விரைவில் வலுவிழக்கும். எனவே பல் சிகிச்சையில் பயப்பட வேண்டிய வரிசை நம் ஊரில் பேசப்படும் வரிசைக்கு நேர்மாறானது. எயிட்ஸ் பயத்தின் பெரும் பகுதி 1990இல் வெளிவந்த ஒரு சம்பவத்திலிருந்து வந்தது: அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தொற்றுள்ள ஒரு பல் வைத்தியரிடம் சிகிச்சை பெற்ற 6 பேருக்கு எச்.ஐ.வி இருந்தது. எவ்வழியாகப் பரவியது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. இன்னொன்று நம் கேள்விக்குக் கூடுதல் பொருத்தமானது. 2013இல் ஒக்லஹோமா மாநிலத்தின் ரல்சாவில் ஒரு பல் சத்திரசிகிச்சை நிலையத்தின் சுகாதாரக் குறைகள் வெளிவந்து, ஏறத்தாழ 7,000 நோயாளிகள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு சி வைரசு கடந்தது மரபணு ஆய்வில் உறுதியானது.

பி வைரசுக்குத் தடுப்பூசி இருக்கிறது. இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது 2003இல் சேர்ந்தது. ஆகவே இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும், அம்மா வயதினருக்குக் கிடைத்திராது. வளர்ந்தவர்களுக்கு 3 ஊசி: இன்று, 1 மாதத்தில், 6 மாதத்தில். சீனி வருத்தம் உள்ளவர்கள், சிறுநீரகக் குறைபாட்டால் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகக்கூடியவர்கள் போட்டுக்கொள்வது நல்லது. அதைப் பல் புடுங்குவதற்காக அவசரப்பட்டுப் போட வேண்டியதில்லை; நாளைக்கு முதல் ஊசி போட்டு மறுநாள் காப்பு வராது.

வாய்க்குள் விசிறும் தண்ணீர் பற்றி. கதிரையில் இரண்டு ஏற்பாடு உண்டு. ஒன்று, கூரைத் தாங்கியிலிருந்து நேரடிக் குழாய். மற்றது, கதிரையின் பக்கத்தில் திருகிப் பூட்டும் 1 அல்லது 2 லீற்றர்ப் போத்தல். கண்ணால் பார்த்தாலே எது என்று தெரியும். கதிரைக்குள் ஓடும் குழாய்கள் மிக ஒடுங்கியவை, தண்ணீர் இராமுழுக்க அசையாமல் நிற்கும், உட்சுவரில் பற்றீரியாக்கள் வழுவழுப்பான படலமாக ஒட்டி வளரும். வெயிலில் காயும் கறுப்புத் தாங்கித் தண்ணீர் அவற்றுக்குப் பிடித்த சூட்டில் வந்து சேர்கிறது: லீஜியனெல்லா பற்றீரியா 20 முதல் 45 பாகை வரை பெருகும். 2011இல் இத்தாலியில் 82 வயதுப் பெண் ஒருவர் பல் கதிரைத் தண்ணீரிலிருந்து வந்த லீஜியனெல்லா நுரையீரல் அழற்சியால் இறந்தார். அமெரிக்காவில், 2015இல் ஜோர்ஜியா மாநிலத்திலும் 2016இல் கலிபோர்னியாவிலும் பாற்பல் நரம்புச் சிகிச்சை செய்த சிறுவர்களுக்கு, கதிரைத் தண்ணீரில் இருந்த மைக்கோபற்றீரிய வகையொன்று தாடை எலும்பு வரை தொற்றியது. குடிநீரில் இருந்தால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாத கிருமி அது, திறந்த பல் நரம்புக்குள் அடித்தால் கதை வேறு.

அமெரிக்க வழிகாட்டல் அளவு: மில்லிலீற்றருக்கு 500 பற்றீரியாக் கொலனிகளுக்கு (வளர்த்துப் பார்க்கும்போது தெரியும் கூட்டங்கள்) மேல் இருக்கக்கூடாது. அதற்குக் காலையில் 2 நிமிடமும், ஆளுக்கு ஆள் இடையில் 20 முதல் 30 விநாடியும் தண்ணீரை வெறுமே ஓடவிட வேண்டும். போத்தலை மாலையில் வெறுமையாக்கிக் கவிழ்த்து உலரவிட வேண்டும், குழாய்களுக்குத் தயாரிப்பாளர் சொன்ன மருந்தைக் குறித்த இடைவெளியில் விட வேண்டும். போத்தல் பூட்டியிருக்கிறது என்பதே தீர்வு இல்லை, பழைய படலம் குழாய்க்குள் அப்படியேதான் இருக்கும். எலும்பு வெட்டி ஞானப்பல் எடுப்பதானால் கதிரைத் தண்ணீரே கூடாது, கிருமி நீக்கிய சேலைனைச் சிரிஞ்சியால் ஊற்ற வேண்டும். அம்மாவின் பல் வெட்டாமல் வந்தால் இந்தக் கவலை இல்லை. அடைக்கும் பல்லுக்குத்தான் தண்ணீர் கேள்வி.

பதிவில்லாத ஆளிடம் ஏற்கெனவே பல் கட்டிவிட்டுப் பயப்படுபவர்களுக்கு: குத்துக் காயம் உறுதியானால் 72 மணித்தியாலத்துக்குள் எச்.ஐ.வி தடுப்பு மாத்திரை தொடங்கலாம் (28 நாள்), பி வைரசுத் தடுப்பூசியை 24 மணித்தியாலத்துக்குள் போடுவது உத்தமம். நாள் கடந்திருந்தால் பி, சி, எச்.ஐ.வி மூன்றையும் 6 வாரத்திலும் 3 மாதத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் வாரமே காசு கட்டிப் பார்த்தால் ‘இல்லை’ என்று வரும், அந்த விடைக்குப் பெறுமதி இல்லை. பல் வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவ சபைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். தனியார் கிளினிக்குக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு வேண்டும்.

பனங்கிழங்கு

எல்லாருக்கும் கனக்க நன்றி. முரசு, இன்னும் ரெண்டு. சீனி வருத்தம் எண்டபடியால் புடுங்க முதலே அன்ரிபயோட்டிக் எடுக்கோணும் எண்டு பக்கத்து வீட்டு அக்கா சொல்லுறா. பாமசியில கேட்டால் தருவினம். பெரியாஸ்பத்திரிக்கு (போதனா வைத்தியசாலை) கொண்டு போறது நல்லமோ எண்டும் யோசிக்கிறம்.

முரசு

வாங்காதேங்கோ. சீனி வருத்தத்துக்காக மட்டும் புடுங்க முதல் அன்ரிபயோட்டிக் தேவையில்லை. முன்கூட்டி எடுக்க வேண்டியவை வேற ஆக்கள்: செயற்கை இருதய வால்வு போட்டவை, இருதய உட்சுவரில ஒருக்கால் தொற்று வந்தவை, பிறவியிலயே வாற சில இருதயக் குறைபாடுகள் உள்ளவை. அவைக்கு வழக்கமான அளவு அமொக்சிசிலின் 2 கிராம், ஒரே முறை, 30 தொடக்கம் 60 நிமிசம் முன்னுக்கு. அதையும் டொக்டர் சொல்லித்தான். அம்மாவுக்கு இருதயத்தில ஏதும் செய்திருந்தால் கதிரையில இருக்க முதல் சொல்லுங்கோ, கேக்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கோ.

அம்மாவுக்குத் தொற்று வராமல் காக்கிறது சீனி அளவு. காலமையிலயே, முதல் ஆளாய் நேரம் எடுங்கோ (இரவு ஓட்டோகிளேவில போட்ட சாமானும் அப்பதான் முழுசா இருக்கும், ரெண்டுக்கும் நல்லம்). வழக்கமாச் சாப்பிடுறதைச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையை அல்லது இன்சுலினை எடுத்துக்கொண்டு வரட்டும். பட்டினியாய் வரப்படாது, விறைச்ச வாயோட பிறகு சாப்பிடவும் ஏலாது. புறப்பட முதல் வீட்டு மீற்றரில பாருங்கோ. 70க்குக் கீழ (டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில) எண்டால் தொடங்க விடாதேங்கோ. 200ஐ நல்லாத் தாண்டி நிண்டால், வீக்கமோ சீழோ இல்லாட்டில், சீனியைக் கட்டுப்படுத்தின பிறகு புடுங்கலாம் எண்டு டொக்டரே சொல்லுவார். அஸ்பிரின் எடுக்கிறவ எண்டால் நீங்களாய் நிப்பாட்டாதேங்கோ.

பெரியாஸ்பத்திரி தாராளமாய்ப் போகலாம், காசும் இல்லை. அங்க சாமானை மொத்தமாய்ப் பெரிய ஓட்டோகிளேவில போடுவினம், குறடு உறையோட வரும். கூட்டம், காத்திருப்பு, காலமை வெள்ளன நம்பர் எடுக்கிறது, அதுதான் கரைச்சல். சாப்பாட்டு நேரம் தவறினால் கையில பிஸ்கற் வைச்சிருங்கோ. உங்கட ரெண்டு கிளினிக்குக்குள்ள எண்டால், நான் பழசுக்குப் போன் எடுத்து நாலு கேள்வி கேப்பன்: எத்தினை ஹாண்ட்பீஸ், ஓட்டோகிளேவ் கிளாஸ் என்னோ பியோ, கதிரைக்குத் தண்ணி தாங்கியில இருந்தோ போத்தலில இருந்தோ, கரண்ட் போனால் ஜெனரேற்றர் இருக்கோ. பிறகு அதையே புதுசிலயும் கேளுங்கோ. ஏசியும் கண்ணாடிக் கதவும் இந்தக் கணக்கில சேராது, சொல்லப் போனால் யன்னல் திறக்காத ஏசி அறையில ஹாண்ட்பீஸ் விசிறின தூவல் கன நேரம் சுத்திக்கொண்டு நிக்கும்.

புடுங்கின பிறகு: பஞ்சை 30 நிமிசம் இறுக்கிக் கடிக்கோணும், இடையில எடுத்து எடுத்துப் பாக்கப்படாது. 24 மணித்தியாலத்துக்குத் துப்பிறதும் கொப்பளிக்கிறதும் ஸ்ரோவால குடிக்கிறதும் வேண்டாம், ரத்தக்கட்டி கழண்டு போகும். அடுத்த நாளில இருந்து ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணியில அரைத் தேக்கரண்டி உப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு, மெதுவாய். மூண்டாம் நாள் திடீரெண்டு காதுவரை இழுக்கிற நோ, வாய் நாத்தம், ஆனால் காய்ச்சல் இல்லை எண்டால் அது கட்டி கழண்ட காயம், அன்ரிபயோட்டிக்கால மாறாது. திரும்பப் போய்க் கழுவி மருந்து வைப்பிக்கோணும். காய்ச்சலோட நாக்குக்குக் கீழ அல்லது தாடைக்குக் கீழ கல்லு மாதிரி வீங்கி, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ ஏலாட்டில் கிளினிக் திறக்கும் வரை பாத்துக்கொண்டிராமல், அண்டிரவே போதனா வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கோ. சீனி வருத்தக்காரருக்கு அந்த வீக்கம் மூச்சுக் குழாய்ப் பக்கம் இறங்க ஒரு இரவு காணும்.